சுண்ணக்கட்டிக் கணினி

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது தமிழர் நாவில் நாள்தோறும் வழங்கும் பழமொழி. ஏட்டில் எழுதிய சுரைக்காய் எத்துணை அழகாக அமைந்திருப்பினும் அதனை அரிந்து சட்டியில் இட இயலாது. செயலோடு சேராத கல்வியைக் கடிவதற்கு எழுந்த மொழி இது. ஆனால், காயே விளையாத ஊரில், அதன் உருவத்தையேனும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று ஓர் ஆசிரியர் ஏட்டைத் திறந்தால் அவரை இகழ்வதா, போற்றுவதா? 2018ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வெளிவந்த ஒரு நிழற்படம் இந்தக் கேள்வியை உலகத்தின் முன் வைத்தது. உலகம் அதற்கு விரைந்து விடை சொன்னது. அவ்விடை சரியானதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

படமும் பின்னணியும்

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா நாட்டின் அசாந்தி வட்டாரத்தில், குமாசி நகருக்கு வடக்கே, செச்செடொமாசே என்னும் ஊர் உள்ளது. அவ்வூரின் பெட்டெனாசே இளநிலை உயர்பள்ளியில் தகவல் தொழில்நுட்பப் பாடம் கற்பித்து வந்தவர் ரிச்சர்டு அப்பியா அகோட்டோ. முகநூலில் ஓவுரா குவாஜோ ஹாட்டிஷ் என்னும் பெயரால் அறியப்பட்டவரும் இவரே. 2011ஆம் ஆண்டு தொடங்கி அப்பள்ளியில் ஒரு கணினிகூட இல்லை. ஆயினும் பாடம் உண்டு, பாடத்திட்டம் உண்டு, மூன்றாம் ஆண்டின் முடிவில் நாடு முழுவதற்கும் பொதுவான தேர்வும் உண்டு. கருவி ஒன்றுதான் இல்லை.

அகோட்டோ வகுப்பறையின் கரும்பலகையையே கணினித் திரையாக மாற்றினார். மைக்ரோசாப்ட் வேர்டு என்னும் எழுத்து மென்பொருளின் முகப்பு முழுவதையும் வண்ணச் சுண்ணக்கட்டிகளால் அப்பலகையில் வரைந்தார். கட்டளைகளின் வரிசையும், கருவிப்பட்டைகளும், எழுதுவதற்கான வெற்றுத் தாளும் அதனதன் இடத்தில் அமைந்தன. மாணவர்கள் அதனைப் பார்த்துத் தத்தம் ஏடுகளில் வரைந்துகொண்டனர். அக்காட்சியின் படங்கள் அவருடைய முகநூற் பக்கத்தில் வெளிவந்தன. கானாவில் இப்பாடத்தைக் கற்பிப்பது வேடிக்கையாக இருக்கிறது என்றும், மாணவர்பால் கொண்ட அன்பினால் அவர்களுக்கு விளங்கும் வழியைத் தேடுவதாகவும் அவர் எழுதியிருந்தார். பின்னர்ச் செய்தியாளர்கள் வினவியபோது, இவ்வாறு வரைவது தமக்குப் புதிதன்று என்றும், கணினியின் திரை, விசைப்பலகை, சுட்டி முதலியவற்றையும் இவ்வாறே பலகையில் வரைந்து காட்டி வந்ததாகவும் கூறினார். தம் வகுப்பறையில் வழக்கமாகிவிட்ட ஒன்று உலகத்திற்கு வியப்பாகும் என அவர் எதிர்பார்க்கவில்லை.

உலகம் படித்த விதம்

படம் கடல் கடந்தது. கமரூன் நாட்டைச் சேர்ந்த தொழில் முனைவர் ரெபெக்கா எனொன்சொங் அதனை எடுத்துக்காட்டி, இந்த ஆசிரியருக்குத் தக்க கருவிகளை வழங்கலாகாதா என்று மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஆப்பிரிக்கக் கிளையை வெளிப்படையாகவே வினவினார். உதவுவதாக நிறுவனம் வாக்களித்தது. அடுத்த திங்களே, 2018 மார்ச்சில், சிங்கப்பூரில் அந்நிறுவனம் நடத்திய உலகக் கல்வியாளர் மாநாட்டிற்கு அகோட்டோ அழைக்கப்பட்டார். பல நாடுகளிலிருந்து வந்திருந்த கல்வியாளர்கள் எழுந்து நின்று அவருக்குக் கைதட்டினர். இந்தியாவில் தோன்றிய கணினிப் பயிற்சி நிறுவனமான என்.ஐ.ஐ.டி.யின் கானா கிளை அவருடைய பள்ளிக்கு ஐந்து மேசைக் கணினிகளையும், அவருக்கு ஒரு மடிக்கணினியையும் வழங்கியது.

நல்ல முடிவுடைய கதை போல இது தோன்றும். கதையாகப் படித்தால் நல்ல முடிவுதான். கல்வியியல் நோக்கில் படித்தால், கதை இன்னும் முடியவில்லை என்பது புலனாகும்.

அந்தப் படத்தைக் கண்டவர்கள் இரு வகையாகப் படித்தனர். இரக்கத்தோடு படித்தவர்கள் இல்லாமையை மட்டும் கண்டனர். கணினி இல்லாத வகுப்பில் கணினிப் பாடமா என்று வருந்தினர். அவர்கள் கண்ணுக்குப் பலகையில் இருந்த அறிவு தெரியவில்லை. அத்தனை உறுப்புகளையும் இடம் பிறழாமல் வரைய வேண்டுமானால், அவற்றை நன்கு ஆண்டு பழகியவராக அந்த ஆசிரியர் இருத்தல் வேண்டும் அன்றோ?

வியப்போடு படித்தவர்களோ அந்த மனிதரை மட்டும் கண்டனர். அன்பும் முயற்சியும் உடைய ஆசிரியர் இருந்தால் எதுவும் முடியும் என்றனர். அவர்கள் கண்ணுக்கு அவரை அந்நிலைக்குத் தள்ளிய ஏற்பாடு தெரியவில்லை. ஓர் அவையே எழுந்து நின்று கைதட்டும்போது, தலைகுனிய வேண்டியவர்களும் அக்கூட்டத்தோடு சேர்ந்து கைதட்டிவிடலாம். பாராட்டு யாரையும் கேள்வி கேட்பதில்லை. அதனால் பாராட்டு மட்டும் போதாது, ஆராய்ச்சியும் வேண்டும்.

பவணந்தியாரின் அளவுகோல்

கற்பித்தலை அளக்கத் தமிழாசிரியர்களின் கையில் பழைய அளவுகோல் ஒன்று உண்டு. நன்னூலின் பாயிரத்தில் மாணாக்கன் பாடங்கேட்கும் முறையைக் கூறும் பவணந்தி முனிவர், கல்வியை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார். ஆசிரியர் உரைப்பதை மாணாக்கன் எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் அதனால் அவன் பெறுவது காற்கூறுதான். உடன் பயில்வாரோடு சேர்ந்து பழகுவதால் இன்னொரு காற்கூறு வரும். எஞ்சிய அரைக்கூறு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போது நிறைவு பெறும். இந்த அளவுகோல் இலக்கணப் பாடத்திற்கு மட்டும் உரியதன்று. கணினிப் பாடத்திற்கும் வியக்கத்தக்க வகையில் அது பொருந்துகிறது.

அகோட்டோவின் பலகையை இக்கோலால் அளந்து பார்ப்போர் முதலிற் காண்பது, ஆசிரியரின் காற்கூறு அங்கு நிறைவாகவே இருந்தது என்பதே. பெயர், இடம், வரிசை, பயன் ஆகிய நான்கையும் சுண்ணக்கட்டியால் கற்பிக்க இயலும். எழுத்தைத் தடிக்கச் செய்யும் பொத்தான் எங்கே இருக்கிறது, அதனை அடுத்து ஏன் சாய்வெழுத்துப் பொத்தான் வைக்கப்பட்டுள்ளது, எழுதியதைச் சேமிக்கும் கட்டளை எந்தத் தலைப்பின்கீழ் வரும் என்பனவற்றைப் பலகையைச் சுட்டியே விளக்கலாம். ஒரே படத்தை வகுப்பு முழுவதும் ஒருங்கே பார்க்கும். படம் மறைந்து போகாது. மாணவர் மனத்திற் பதியும் வரை காத்திருக்கும். நிலநூல் கற்பித்த ஆசிரியர்கள் இதனை நன்கு அறிவர். நாட்டின் படத்தைத் தன் கையால் வரைந்த பிள்ளைக்கு ஆறும் மலையும் நினைவில் நிற்பதுபோல், அச்சிட்ட படத்தைப் பார்த்த பிள்ளைக்கு நிற்பதில்லை. ஆகவே, பலகைப் பாடம் பயனற்றது என்னும் கூற்று பொருந்தாது.

எஞ்சிய முக்காற்கூறோ அங்கு இல்லை. வரைந்த பொத்தானை அழுத்தினால் எதுவும் நிகழாது. சுட்டியைச் சொடுக்கும்போது விரல் எவ்வளவு மெல்லப் பட வேண்டும், கை நகரும் அளவுக்கும் திரையில் அம்புக்குறி நகரும் அளவுக்கும் என்ன தொடர்பு என்பனவெல்லாம் கை அறிய வேண்டியவை. கண்ணும் காதும் அவற்றைக் கைக்காகக் கற்றுத் தர இயலா. நீச்சலைக் கரையில் நின்று கேட்டறிந்தவன் நிலையே இது.

இதனினும் பெரிய குறை ஒன்றும் உண்டு. கணினிக் கல்வியின் உயிர்நிலை தவறு செய்து திருத்துவதில் இருக்கிறது. எழுதியது திடீரென மறையும். எங்கே போயிற்று என்று தேட வேண்டும். சேமிக்க மறந்தால் உழைப்பெல்லாம் வீணாகும். அந்த இழப்பே மறவாத பாடமாகும். செய்ததை மீட்கும் வழி உண்டு என்று கண்டவுடன் அச்சம் நீங்கும். சுண்ணக்கட்டிக் கணினியோ தவறே செய்வதில்லை. அது பழுதுபடுவதில்லை, ஆதலால் அதனிடம் கற்ற பிள்ளை பழுதைக் கண்டு அஞ்சாதிருக்கக் கற்பதில்லை. நாளை ஓர் அலுவலகத்தில் உண்மையான கணினியின் முன் அமரும்போது, அதன் உறுப்புகளின் பெயரெல்லாம் தெரிந்தும் கை நடுங்குமானால், குற்றம் அப்பிள்ளையுடையதன்று, ஆசிரியருடையதும் அன்று.

மூடிய பெட்டிகள்

பலகை மட்டும் போதாது என்றால், கருவியை மட்டும் கொடுத்துவிட்டால் போதுமா? இக்கேள்வியும் ஆப்பிரிக்க மண்ணிலேயே ஆராயப்பட்டதுதான்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான நிக்கலஸ் நெக்ரபாண்டே, உலகத்தின் ஏழைக் குழந்தை ஒவ்வொருவர்க்கும் 100 டாலர் விலையில் ஒரு மடிக்கணினி என்னும் திட்டத்தை 2005ஆம் ஆண்டில் அறிவித்தார். பச்சையும் வெள்ளையுமான அந்தச் சிறு கணினி 2007ஆம் ஆண்டு இறுதியில் உற்பத்திக்கு வந்தபோது அதன் விலை 200 டாலரை நெருங்கியிருந்தது. ஆப்பிரிக்காவில் ருவாண்டா நாடு அதனைப் பெரிய அளவில் ஏற்று, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பள்ளிகளுக்கு வழங்கியது.

அதே இயக்கத்தினர் 2012ஆம் ஆண்டில் எத்தியோப்பியாவில் ஒரு சோதனை செய்தனர். வொஞ்சி, வொலன்சித்தி என்னும் இடங்களில், பள்ளியே இல்லாத இரு சிற்றூர்களுக்கு, மூடி ஒட்டப்பட்ட பெட்டிகளில் கைக்கணினிகளை அனுப்பினர். ஒவ்வோர் ஊரிலும் ஏறத்தாழ 20 குழந்தைகள். சூரிய ஒளியால் மின்னூட்டும் முறையைப் பெரியவர்களுக்குக் கற்பித்ததைத் தவிர வேறு விளக்கம் தரப்படவில்லை. பெட்டியைப் பெற்ற நான்கு நிமிடத்தில் ஒரு சிறுவன் அதனைத் திறந்து கருவியை இயக்கிவிட்டான் என்றும், ஐந்தாம் நாளில் ஒரு குழந்தை நாளொன்றுக்கு 47 செயலிகளைப் பயன்படுத்தியது என்றும், இரண்டு வாரத்தில் ஆங்கில அகரவரிசைப் பாடலைப் பாடினர் என்றும், ஐந்து திங்களில் முடக்கிவைத்த நிழற்படக் கருவியைத் தாமே இயக்கிவிட்டனர் என்றும் நெக்ரபாண்டே அறிவித்தார்.

அக்குழந்தைகளின் கூர்மையை வியவாதிருக்க இயலாது. சிற்றூர்ப் பிள்ளைக்கு அறிவு குறைவு என்று எண்ணுவோர் வாயை அடைக்க இச்சோதனை ஒன்றே போதும். ஆயினும், பவணந்தியாரின் கோலை இங்கும் வைத்துப் பார்க்க வேண்டும். உடன் பயில்வாரோடு பழகுதல் இருந்தது. ஒருவர்க்கொருவர் காட்டிக்கொடுத்தலும் இருந்தது. அகோட்டோவின் வகுப்பில் இல்லாத முக்காற்கூறு இங்கு இருந்தது. ஆனால் அங்கு நிறைவாக இருந்த காற்கூறு இங்கு இல்லை. அகரவரிசையைப் பாடுதல் வேறு. எழுத்தைக் கூட்டிப் பொருளறிந்து படித்தல் வேறு. தொடக்க வகுப்பு ஆசிரியர் எவரும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளமாட்டார். நாற்பத்தேழு செயலிகளைத் திறந்து பார்த்த பிள்ளை, எதனைக் கற்றது, எதனை வெறுமனே தொட்டுச் சென்றது என்று கேட்க ஒருவர் அங்கு வேண்டும். மேலும், பாடல் ஆங்கிலத்தில் அமைந்தது. வீட்டு மொழியிலிருந்து அந்த மொழிக்குப் பாலமிட்டு அழைத்துச் செல்ல, பெட்டிக்குள் யாரும் இல்லை.

பெரிய அளவில் கிடைத்த சான்றும் இதனையே சொல்லும். இதே மடிக்கணினிகளை வழங்கிய தென்னமெரிக்காவின் பெரு நாட்டில், 319 சிற்றூர்ப் பள்ளிகளில் நடந்த ஆய்வொன்றை அமெரிக்க நாடுகளின் வளர்ச்சி வங்கி 2012இல் வெளியிட்டது. கருவியைப் பெற்ற பள்ளிகளின் மாணவர்கள் கணக்கிலும் மொழியிலும் மற்றவர்களை விட மேம்பட்டதாக அந்த ஆய்வு காணவில்லை.

பெருக்கற் கணக்கு

இவ்விரு நிலைகளையும் ஒருங்கே விளக்க முயலும் நூல் ஒன்று 2015இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் கென்டாரோ டோயாமா. நூலின் பெயர் 'கீக் ஹெரசி'. தொழில்நுட்ப வழிபாட்டிலிருந்து சமூக மாற்றத்தை மீட்பது என்பது அதன் துணைத்தலைப்பின் பொருள். எழுதியவர் கணினியை வெறுப்பவர் அல்லர். கணினி அறிவியலில் தேர்ந்தவர். பெங்களூரில் மைக்ரோசாப்ட் ஆய்வகத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். கானாவிலும் அவருக்குத் தொடர்பு உண்டு. மைக்ரோசாப்ட்டில் பணியாற்றித் தாயகம் திரும்பிய பாட்ரிக் அவுவா 2002இல் தொடங்கிய அசேசி பல்கலைக்கழகத்தில் கணக்குப் பாடம் கற்பித்தவர் அவர்.

தொழில்நுட்பம் மனித ஆற்றலைப் பெருக்கிக் காட்டும். இல்லாத ஆற்றலைப் படைத்துத் தராது என்பதே டோயாமாவின் கொள்கை. நல்ல ஆசிரியரும் நல்ல நிருவாகமும் உள்ள பள்ளியில் கணினி நன்மையைப் பெருக்கும். இவையில்லாத பள்ளியில் அது மூலையில் கிடந்து தூசி சுமக்கும். சொந்த உழைப்பிலிருந்தும் தோல்விகளிலிருந்தும் பிறந்த கருத்தாதலால் நூலுக்குத் தனி வலிமை உண்டு. விற்பனையாளரின் வாக்கை நம்பிக் கருவிகளை வாங்கிக் குவிக்கும் கல்வித் துறைகள் அனைத்தும் படிக்கத்தக்க நூல் அது.

ஆயினும் அதில் கவனிக்க வேண்டிய ஒரு சாய்வு உண்டு. பெருக்கற் கணக்கில் எண்கள் இரண்டு. அவற்றுள் எது சுழியானாலும் விடை சுழியே. ஆசிரியர் இல்லாத இடத்தில் எத்தனை ஆயிரம் கணினிகளைப் பெருக்கினாலும் பயன் சுழி என்பதை டோயாமா அழுத்தமாகச் சொல்கிறார். கணினி இல்லாத இடத்தில் எத்துணைச் சிறந்த ஆசிரியராயினும் கைப்பயிற்சி என்னும் பயன் சுழியாகிவிடும் என்னும் மறுபாதி அந்த அளவுக்கு அழுத்தம் பெறவில்லை. செச்செடொமாசே அம்மறுபாதிக்குச் சான்று. இதனை விட்டுவிட்டு நூலைப் படித்தால் ஒரு தீங்கு நேரும். ஆசிரியரே முதன்மை என்னும் உயர்ந்த கருத்து, அப்படியானால் ஆசிரியருக்குக் கருவி எதற்கு என்னும் கஞ்சத்தனத்திற்குத் துணை போகும். ஆசிரியரைப் புகழ்ந்தே பள்ளியைப் பட்டினி போடுவது எளிது. டோயாமா இதனை விரும்பார். ஆயினும் கருத்தைக் கையாள்வோர் எல்லாரும் டோயாமாவின் நல்லெண்ணம் உடையவர் அல்லர்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யாவின் பட்டறிவு இரு எண்களின் தேவையையும் காட்டுகிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி என்பது 2013ஆம் ஆண்டுத் தேர்தலில் தரப்பட்ட வாக்குறுதி. அது கைக்கணினியாக மாறி 2016இல் பள்ளிகளுக்கு வரத் தொடங்கியது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குப் பத்து இலட்சத்துக்கும் மிகுதியான கருவிகள் சென்றன. கருவிக்கு முன் மின்சாரம் வேண்டும் என்று உணர்ந்த அரசு, சிற்றூர்ப் பள்ளிகளுக்கு மின்னிணைப்புத் தந்தது. திட்டத்தின் நிலைத்த நன்மைகளுள் அதுவே முதன்மையானது என்னலாம். மறுபுறம், பல பள்ளிகளில் கைக்கணினிகள் பெட்டிகளில் பூட்டியே கிடந்தன என்று அந்நாட்டுச் செய்தித்தாள்கள் எழுதின. கருவி தொலைந்தால் பொறுப்பு யாருடையது என்று அஞ்சும் தலைமையாசிரியர், அதனைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதை விட அலமாரியில் வைத்துப் பூட்டுவதையே பாதுகாப்பென்று கருதுவார். பள்ளிப் பொருட்பதிவேட்டில் கையொப்பமிட்டு வருந்தியவர்கள் இதனை எளிதில் உணர்வர்.

தேர்வின் குற்றம்

மீண்டும் கானாவுக்கு வருவோம். இளநிலை உயர்பள்ளியின் முடிவில் அந்நாட்டு மாணவர்கள் அடிப்படைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வை எழுதுகின்றனர். மேற்கு ஆப்பிரிக்கத் தேர்வு மன்றம் நடத்தும் அத்தேர்வே மேல்நிலைக் கல்விக்கு வாயில். அகோட்டோவின் படம் வெளிவந்த காலத்தில் தகவல் தொழில்நுட்பமும் அத்தேர்வின் பாடங்களுள் ஒன்று. அதற்குச் சற்று முன்னர், 2017 செப்டம்பரில், மேல்நிலைப் பள்ளிக் கல்வியைக் கட்டணமின்றி வழங்கும் திட்டத்தைக் கானா அரசு தொடங்கியிருந்தது. ஏழைப் பிள்ளைக்கு வாயிலில் இருந்த பணத்தடை நீங்கியது. மதிப்பெண் தடை நின்றது. ஆகவே, ஒவ்வொரு பாடமும் பிள்ளைகளுக்கு வாழ்வுப் பிரச்சினை ஆயிற்று. இதில் எண்ணத்தக்க செய்தி இன்னொன்று: எந்த மாணவர் எந்த மேல்நிலைப் பள்ளிக்குச் செல்வது என்பதை 2005ஆம் ஆண்டு முதல் கானாவில் முடிவு செய்து வந்தது ஒரு கணினி முறையே. தாம் ஒருநாளும் தொட்டறியாத பொறியே தம் எதிர்காலத்தைப் பகுத்துத் தரும் நிலையில் அச்சிற்றூர்ப் பிள்ளைகள் இருந்தனர்.

இங்குதான் அந்தக் கரும்பலகைப் படத்தின் ஆழ்ந்த பொருள் வெளிப்படுகிறது. கணினியைத் தொடாத மாணவர் கணினித் தேர்வில் வெற்றி பெறக்கூடும் என்னும் நம்பிக்கையோடுதான் அந்த ஆசிரியர் வரைந்தார். அந்நம்பிக்கை வீணானதன்று, ஏனெனில் தேர்வு தாளில் எழுதும் தேர்வு. சுண்ணக்கட்டியால் கற்பித்ததைக் கொண்டு ஒரு தேர்வுக்கு விடை எழுதிவிடலாம் என்றால், அத்தேர்வு அளப்பது கைத்திறனை அன்று, சொற்களின் நினைவை. பாடத்தின் பெயர் திறன். தேர்வின் பொருள் பெயர்ப் பட்டியல். கணினி நிறைந்த நகரப் பள்ளிப் பிள்ளையும் கணினி இல்லாத சிற்றூர்ப் பிள்ளையும் ஒரே தாளில் விடை எழுதுவதால் இருவரும் சமம் என்று தோன்றும். உண்மையில், இருவருக்கும் இடையிலுள்ள வேற்றுமையை மறைக்கும் திரையாகவே அந்தத் தாள் நிற்கிறது. நகரப் பிள்ளையின் திறன் தாளில் தெரிவதில்லை. சிற்றூர்ப் பிள்ளையின் இழப்பும் தெரிவதில்லை. தெரியாத இழப்பை யாரும் ஈடு செய்வதில்லை.

கருவி தாராமல் தேர்வு வைப்பது முறையன்று. ஆனால், கருவி இல்லை என்பதற்காகப் பாடத்தை எடுத்துவிடுவதும் முறையாகாது. அப்படி எடுத்துவிட்டால் நகரப் பிள்ளை கற்பான்; சிற்றூர்ப் பிள்ளை பெயரளவிலும் அறியாது போவான். அகோட்டோ இந்த இரண்டாம் தீங்கைத் தடுத்தார். அதுவே அவருடைய படத்தின் நிலைத்த மதிப்பு. முதல் தீங்கைத் தடுக்க வேண்டியவர்கள் வேறு. பாடத்திட்டத்தை வகுத்தவர்களுக்கும் நிதியைப் பகிர்ந்தவர்களுக்கும் உரிய கடமையை ஒரு வகுப்பாசிரியரின் சுண்ணக்கட்டி செய்து முடிக்க இயலாது.

ஐந்து கணினிகளின் பயன்

பள்ளிக்கு வந்த ஐந்து கணினிகள் ஒரு வகுப்புக்குப் போதுமா என்று கேட்கலாம். ஆளுக்கொன்று என்னும் கணக்கில் போதா. பவணந்தியாரின் கணக்கில் பார்த்தால் விடை வேறு. ஒரு கணினிக்கு ஆறு பேர் எனக் குழு அமைத்தால் ஐந்து கணினிக்கு முப்பது பேர் ஆவர். ஒருவர் கை விசைப்பலகையில் இருக்கும். அடுத்தவர் வழி சொல்வார். மற்றவர்கள் சரி பார்ப்பர். முறை மாறிக்கொண்டே வரும். இங்கே உடன் பயிலும் காற்கூறு தானே வந்துவிடும். இன்று கற்ற குழு நாளை அடுத்த குழுவுக்கு எடுத்துரைக்குமானால் எஞ்சிய அரைக்கூறும் வந்துவிடும். இந்த அரைக்கூற்றுக்கு எந்த நிறுவனத்தின் நன்கொடையும் வேண்டியதில்லை. கரும்பலகையும் ஓய்வு பெற வேண்டியதில்லை. பலகையில் வரைந்ததைக் கண்டு பெயரும் இடமும் அறிந்து வந்த பிள்ளை, கணினியின் முன் தனக்குக் கிடைக்கும் சில நிமிடங்களைத் தேடுவதில் வீணாக்காது செய்வதில் செலவிடும். சுண்ணக்கட்டியும் கணினியும் பகையல்ல. ஒன்று மற்றொன்றிற்கு முன்னுரை.

ஆனால் நன்கொடை ஒருமுறை வரும். பழுது ஆண்டுதோறும் வரும். மின்சாரக் கட்டணமும், பழுது நீக்கும் செலவும், அதனைச் செய்யத் தெரிந்த ஓர் ஆளும் பள்ளியின் நிலையான வரவு செலவில் இடம்பெறாவிட்டால், ஐந்து கணினிகளும் ஒவ்வொன்றாக வாய் மூடும். அப்பொழுது ஆசிரியர் மீண்டும் சுண்ணக்கட்டியைத் தேட வேண்டிவரும். மீண்டும் ஒரு படம் உலகைச் சுற்றும் என்று எதிர்பார்க்க இயலாது. முகநூலில் படம் இடாத ஆசிரியரும், படம் இட்டும் யார் கண்ணிலும் படாத ஆசிரியரும் ஆப்பிரிக்காவின் சிற்றூர்களில் எத்தனையோ பேர். உலகத்தின் பார்வை பட்ட பள்ளிக்கு மட்டும் கருவி கிடைப்பது நற்பேறு. பார்வை படாத பள்ளிக்கும் கிடைப்பதே நீதி. ஆசிரியர் பயிற்சி, கருவி, பராமரிப்பு, தேர்வு ஆகிய நான்கையும் ஒருசேர எண்ணாத எந்தத் திட்டமும் ஒரு காலில் நிற்கும் நாற்காலியே.

தொடங்கிய பழமொழிக்கே திரும்பலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது உண்மை. ஆனால், ஏட்டில் அதன் உருவையும் இலையையும் கொடியையும் கண்டு பழகிய பிள்ளை, என்றேனும் ஒருநாள் உண்மையான கொடியைக் காணும்போது அது இன்னதென்று அறிந்து கை நீட்டும். அந்த அறிவைச் செச்செடொமாசே பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் தந்துவிட்டார். கொடியை நடுவதும் நீர் வார்ப்பதும் அவர் வேலையல்ல. பாடத்திட்டம் வகுத்தோருக்கும் நிதி பகிர்வோருக்கும் உரிய வேலை. அதனை அவர்கள் ஒவ்வோர் ஊரிலும் செய்யும் வரை, 2018இல் சிங்கப்பூரில் எழுந்த கைதட்டல் பாதி வாசித்த பாடமாகவே நிற்கும்.